டெங்கு எண்ணிக்கையோடு வைரஸின் வகையையும் வெளியிட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் தங்கள் நாளிதழில் மாவட்டவாரியாக டெங்கு பாதிப்பு நிலவரம் வெளிவருவது வழக்கம். மருத்துவமனையில் இத்தனை பேர் அனுமதி, இத்தனை பேர் வீடு திரும்பினர், கொசுப்புழு இருந்த இத்தனை கட்டடங்களுக்கு அபராதம் என்று வரும் அந்தச் செய்திகளை ஒரு வரி விடாமல் படிப்பவன் நான். 32 ஆண்டுகள் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால் அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. அந்த நிலவரத்தில் ஒரு தகவல் மட்டும் ஆண்டுதோறும் விடுபட்டுப்போகிறது. பரவிக்கொண்டிருப்பது டெங்கு வைரஸின் எந்த வகை என்பதே அது. அந்தத் தகவல் இல்லாததால் என்ன நேரும் என்பதை என் வீட்டிலேயே பார்த்துவிட்ட பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

டெங்கு என்று நாம் ஒரே பெயரில் அழைத்தாலும் அதை உண்டாக்கும் வைரஸ் நான்கு வகைப்படும். ஆய்வகத்தார் டென்-1 முதல் டென்-4 வரை எண்ணிட்டுக் குறிப்பார்கள். ஒரு வகையால் காய்ச்சல் கண்டு தேறியவருக்கு அந்த வகையிடமிருந்து ஆயுள் முழுதும் பாதுகாப்பு உண்டு. மற்ற மூன்று வகைகளுக்கு எதிராகக் கிடைக்கும் பாதுகாப்போ சில மாதங்களில் கரைந்துவிடும். அதற்குப் பிறகு வேறொரு வகை உடலில் புகுந்தால், நோயை எதிர்க்க உடலில் முன்பு உருவான எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) அந்தப் புதிய வைரஸைப் பற்றிக்கொள்ளுமே தவிர முடக்காது. பற்றிய நிலையிலேயே வைரஸ் வெள்ளணுக்களுக்குள் இழுத்துக்கொள்ளப்பட்டு, அங்கே முன்னிலும் வேகமாகப் பெருகத் தொடங்கும். இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து, நாடித்துடிப்பு மெலிந்து, அதிர்ச்சி நிலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் இப்படி இரண்டாம் முறை டெங்கு கண்டவர்களே. 1960களில் பாங்காக் நகரத்துக் குழந்தைகளிடையே ஆய்வு நடத்திய ஸ்காட் ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க மருத்துவர்தான் இதை முதலில் எடுத்துக்காட்டினார். பிறந்து ஓர் ஆண்டுகூட நிறையாத கைக்குழந்தைகள் முதல் தொற்றிலேயே கடுமையாகப் பாதிக்கப்படுவதையும் அவர் கவனித்தார். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் அவர்கள் உடலில் தங்கியிருந்ததே காரணம்.

என் பேத்திக்கு 2017இல், அவளுடைய ஐந்தாவது வயதில், டெங்கு வந்து தேறினாள். ஆறு ஆண்டுகள் கழித்து மறுபடியும் காய்ச்சல். நாங்கள் அழைத்துச் சென்ற மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனை செய்து டெங்கு என்று உறுதிப்படுத்தினார்கள். பிளேட்லெட் 1,30,000 இருக்கிறது, பயமில்லை, வீட்டிலேயே ஓய்வெடுக்கட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். இதற்கு முன் டெங்கு வந்திருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னபோதும் சீட்டில் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. வீட்டில் எல்லாரும் மூச்சுவிட்டார்கள். மருமகள் ரசம் சாதம் பிசைந்து எடுத்து வந்தாள். குழந்தை ஒரு வாய் வாங்கிவிட்டு வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்துக்கொண்டாள். போர்வைக்குள் கைவிட்டு அவள் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தேன். ஈரத்துணி போலச் சில்லிட்டிருந்தது. காய்ச்சல் விடும் நேரம்தான் டெங்குவில் ஆபத்தான நேரம் என்பதைப் பணிக்காலத்தில் எத்தனையோ வீடுகளில் சொன்னவன் என்பதால் ஆட்டோ பிடித்து வேறொரு மருத்துவமனைக்கு ஓடினோம். இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு எத்தனை சதவீதம் என்று காட்டும் பிசிவி, முந்தைய பரிசோதனையில் 36 இருந்தது, 45க்கு ஏறியிருந்தது. அதாவது இரத்தத்திலிருந்து நீர் கசிந்து வெளியேறிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றிக் குழந்தையைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள்.

அவளுடைய இரண்டு காய்ச்சல்களின் கோப்புகளையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். இரண்டிலும் 'டெங்கு பாசிட்டிவ்' என்ற ஒரே சொற்றொடர்தான் இருக்கிறது. மருத்துவமனைகளில் வழக்கமாகச் செய்யும் என்எஸ்1, ஐஜிஎம் பரிசோதனைகள் டெங்கு உண்டா இல்லையா என்று சொல்லுமே தவிர, எந்த வகை என்று சொல்லாது. வகையை அறிய, காய்ச்சலின் முதல் ஐந்து நாட்களுக்குள் எடுத்த இரத்தத்தில் பிசிஆர் பரிசோதனை செய்ய வேண்டும். கொரோனா காலத்துக்குப் பிறகு அந்தச் சொல் தெரியாதவர்கள் நம் ஊரில் கிடையாது. என் பேத்திக்கு இன்னும் இரண்டு வகைகள் மீதம் இருக்கின்றன. அவை எந்த இரண்டு என்று சொல்ல யாரிடமும் பதிவு இல்லை.

இந்த நான்கு வகைகளும் உலகின் வெப்ப நாடுகள் எங்கும் எப்படிப் போய்ச் சேர்ந்தன என்பதை அறிந்தால், வகையைக் கவனிப்பது ஏன் அவசியம் என்பது விளங்கும். முதல் வகை 1943இல் ஜப்பானின் நாகசாகியில் கிமுரா, ஹோட்டா என்ற இரு ஆய்வாளர்களால் பிரித்தெடுக்கப்பட்டது. தென்கடல் போர்முனைகளிலிருந்து திரும்பிய கப்பல்களில் வந்தவர்களின் இரத்தத்தில் வைரஸ் இருந்தது. குண்டுவீச்சில் பற்றும் தீயை அணைப்பதற்காக ஊரெங்கும் நிரப்பி வைத்திருந்த தண்ணீர்த் தொட்டிகளில் கொசு இருந்தது. நோயாளியும் தேங்கிய நீரும் சந்தித்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் நான் அறிந்ததில்லை. மறு ஆண்டே, பிற்காலத்தில் போலியோ சொட்டு மருந்தை உருவாக்கிய ஆல்பர்ட் சாபின், கல்கத்தா, நியூ கினி, ஹவாய் ஆகிய இடங்களில் காய்ச்சலில் விழுந்த அமெரிக்கப் படைவீரர்களின் இரத்தத்தை ஆராய்ந்து, ஒன்றுக்கொன்று பாதுகாப்பளிக்காத இரு வகைகள் உண்டு என்று நிறுவினார். 1956இல் மணிலா நகரத்துக் குழந்தைகளிடையே டெங்குவின் கடுமையான வடிவமான இரத்தக்கசிவுக் காய்ச்சல் பரவியபோது வில்லியம் ஹாமன் என்ற அமெரிக்க ஆய்வாளர் மூன்றாம், நான்காம் வகைகளைக் கண்டார். இரண்டே ஆண்டுகளில் அதே கொடிய நோய் பாங்காக்கில் வெடித்தது, 1963இல் கல்கத்தாவிலும்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தன் வாழ்நாளில் பறப்பது சில நூறு மீட்டர்தான். வைரஸ் கடல் கடந்தது மனிதர்களின் இரத்தத்தில். போரில் படைகள் நகர்ந்தன. போருக்குப் பின் நகரங்கள் குடிநீர்க் குழாயும் குப்பை அகற்றும் ஏற்பாடும் இல்லாமல் பெருத்தன. அதன் பிறகு விமானப் பயணம் எளிதாயிற்று. இந்தக் கொசு அடியோடு ஒழிக்கப்பட்டது என்று 1958இல் அறிவிக்கப்பட்ட பிரேசிலிலேயே அது திரும்பிவந்து, 1986இல் ரியோ டி ஜெனிரோவில் முதல் வகையும், 1990இல் இரண்டாம் வகையும், 2000இன் இறுதியில் மூன்றாம் வகையும் இறங்கின. 2010இல் வடக்கெல்லை மாநிலத்தில் நான்காம் வகையும் மீண்டும் தலைகாட்டியது.

கியூபாவின் அனுபவத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பல பத்தாண்டுகளாக டெங்கு இல்லாதிருந்த அந்தத் தீவில் 1977இல் முதல் வகை புகுந்தது. மக்கள்தொகையில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தொற்றியது என்றாலும் நோய் மிதமாகவே இருந்தது. பிழைத்தோம் என்று நாடே நினைத்திருக்கும். நான்கே ஆண்டுகளில், 1981இல், ஆசியாவைப் பூர்வீகமாகக் கொண்ட இரண்டாம் வகை வந்தது. சில மாதங்களுக்குள் 3,44,203 பேர் நோயுற்றார்கள். அவர்களில் 10,312 பேருக்கு நோய் கடுமையாயிற்று. 158 பேர் இறந்தார்கள். அவர்களில் 101 பேர் குழந்தைகள். அரசு வீடுவீடாக இறங்கிக் கொசுவை அடக்கியதால் அந்தக் கொள்ளைநோய் அதே ஆண்டில் நின்றது. கதை அதோடு முடியவில்லை. 1997இல் சாண்டியாகோ டி கியூபா நகரில் இரண்டாம் வகை மறுபடியும் பரவியபோது, கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் அனைவரும் பெரியவர்கள். இறந்த 12 பேரும் பெரியவர்கள். குழந்தைகள் தப்பினார்கள், ஏனென்றால் முதல் வகை பரவிய காலத்தில் அவர்கள் பிறந்திருக்கவே இல்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் வந்துபோன ஒரு சாதாரணக் காய்ச்சலின் விளைவு இருபது ஆண்டுகள் உடலில் காத்திருந்தது. அந்த நாட்டின் மருத்துவர்கள் எந்த ஆண்டில் எந்த வகை என்று எழுதி வைத்திருந்ததால்தான் இந்த உண்மை உலகத்துக்குத் தெரிந்தது. எண்ணிக்கை மட்டும் வைத்திருந்தால் ஏன் பெரியவர்கள் மட்டும் சாகிறார்கள் என்று அவர்களும் கைபிசைந்து நின்றிருப்பார்கள்.

நமக்கு மிக அருகிலுள்ள இலங்கையின் பாடம் வேறு மாதிரியானது. அங்கே நான்கு வகைகளும் 1980களிலேயே இருந்தன. ஆனாலும் கடுமையான டெங்கு அரிதாகவே காணப்பட்டது. 1989இல் நிலைமை மாறியது. ஒரே வகைக்குள்ளும் மரபணுவில் சிறு மாற்றங்களோடு பிரிந்த கிளைகள் உண்டு. மூன்றாம் வகைக்குள்ளேயே பழைய கிளை மறைந்து புதிய கிளையொன்று தலையெடுத்ததும், இரத்தக்கசிவுக் காய்ச்சல் ஏறத்தொடங்கியதும் ஒரே காலத்தில் நிகழ்ந்தன என்று வைரஸின் மரபணுவை ஒப்பிட்டவர்கள் பின்னர் காட்டினார்கள். இந்தியத் துணைக்கண்டத்தில் வேர்கொண்ட, இந்தக் கிளைகள் அடங்கிய துணைவகை கிழக்கு ஆப்பிரிக்காவில் காணப்பட்டது. 1994இல் நிகரகுவாவிலும் பனாமாவிலும் கரையேறி, லத்தீன் அமெரிக்கா முழுவதும் பரவியது. 2009இல் முதல் வகையின் புதிய கிளையொன்று இலங்கைக்கு வந்தபோது 340க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் பிறகு சில ஆண்டுகள் இரண்டாம் வகை அங்கே அதிகம் தென்படவில்லை. அந்த இடைவெளியில் பிறந்தவர்களுக்கும், வேறு வகைகளால் மட்டும் நோயுற்றவர்களுக்கும் அதனிடமிருந்து பாதுகாப்பு இல்லாமல் போயிற்று. 2017இல் கனமழையோடும் அள்ளப்படாத குப்பையோடும் சேர்ந்து இரண்டாம் வகை பெருகியபோது, அந்த ஓராண்டில் மட்டும் 1,86,000க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 400க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கொழும்பு மருத்துவமனைகளில் ஒரு கட்டிலில் இருவர் கிடந்தார்கள் என்ற செய்தி வந்த நாட்களில் நம் மாவட்டத்திலும் நான் வீடுவீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் 23,294 பேருக்கு டெங்கு, 65 பேர் இறப்பு என்று மத்திய அரசின் கணக்கு சொல்கிறது.

அந்த நாட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வேலை என்னவென்று மக்களுக்குத் தெரியும். டார்ச் விளக்கைத் தண்ணீர் டிரம்முக்குள் அடித்தால், மேலே தொங்கிக்கொண்டிருக்கும் புழுக்கள் வெளிச்சம் பட்டதும் நெளிந்து அடிக்கு இறங்கும். அதைப் பார்த்து எண்ணி, டிரம்மைக் கவிழ்த்து, சுவரைத் தேங்காய் நாரால் தேய்க்கச் சொல்லி, அபேட் மருந்து ஊற்றிவிட்டு வருவோம். ஆட்டுக்கல் குழி, மாடியில் கிடக்கும் டயர், ஃபிரிட்ஜின் பின்புறத் தட்டு என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஒரே தெருவில், ஒரே டிரம்களில், ஏறக்குறைய ஒரே அளவு புழு இருந்த ஆண்டுகளில், ஒரு மழைக்காலத்தில் மூன்று பேருக்குக் காய்ச்சல் வரும். இன்னொரு மழைக்காலத்தில் நாற்பது பேருக்கு வரும். நாற்பது வந்த ஆண்டில் புழு ஒழிப்புப் பணியாளர்கள் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று மெமோ வரும். நாள் கூலிக்கு வேலை செய்த அந்தப் பெண்கள் கண்கலங்கி நின்றதைப் பார்த்திருக்கிறேன். வந்திருப்பது அந்தத் தெருவுக்குப் புதிய வகையா என்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அன்று எனக்கும் தோன்றவில்லை. புழுக் கணக்கு மட்டும் டெங்குவை விளக்கப் போதாது என்பதை ஓய்வுபெற்ற பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

சிங்கப்பூரில் கொசு நம்மிடம் இருப்பதைவிட மிகக் குறைவு. வீடுவீடான சோதனை 1960களின் இறுதியிலிருந்து நடக்கிறது. அப்படியும் அங்கே டெங்கு அலை அலையாக வருகிறது, ஏனென்றால் கொசு குறைந்த ஊரில் எதிர்ப்பாற்றல் உள்ளவர்களும் குறைவு. ஆகவே அவர்கள் நோயாளிகளின் இரத்தத்தில் எந்த வகை மேலோங்குகிறது என்பதை இடைவிடாமல் பார்த்துவருகிறார்கள். 2007 தொடக்கத்தில் முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு மாறுவதை முன்கூட்டியே கண்டுகொண்டார்கள். 2013இல் மறுபடியும் முதல் வகை மேலெழுந்து 22,170 பேரைப் பாதித்தது. 2020இல், அதுவரை சிறு அளவிலேயே இருந்துவந்த மூன்றாம் வகை கூடுகிறது என்று ஆண்டின் தொடக்கத்திலேயே பொதுமக்களுக்கு எச்சரிக்கை விடுத்தார்கள். அந்த ஆண்டில் 35,000க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள் என்பது உண்மைதான். வகையை அறிவித்ததால் மட்டும் நோய் நின்றுவிடாது. ஆனால் மருத்துவமனைகள் படுக்கைகளைத் தயாராக வைத்திருக்கவும், முன்பு டெங்கு கண்டவர்கள் இரட்டைக் கவனத்தோடு இருக்கவும் சில வாரங்கள் கிடைத்தன. இந்த நோயில் அந்தச் சில வாரங்கள் பெரிய வாய்ப்பு.

இவ்வளவும் வெளிநாட்டுக் கதை என்று யாரும் ஒதுக்க வேண்டாம். டெங்குவின் நான்கு வகைகளையும் நோயாளிகளிடமிருந்தும் கொசுக்களிடமிருந்தும் பிரித்தெடுத்து உலக அறிவியல் இதழ்களில் வெளியிட்ட ஊர்களில் எங்கள் வேலூரும் ஒன்று. 1960களில் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் அதைச் செய்தார்கள். பிசிஆர் என்ற பெயரே பிறக்காத காலம் அது. எலிக்குட்டிகளின் மூளையில் வைரஸை வளர்த்து, வாரக்கணக்கில் காத்திருந்து வகையைக் கண்டார்கள். இன்று கிண்டி கிங் நிறுவனத்திலும் புணே தேசிய வைராலஜி நிறுவனத்திலும் அதே வேலையைச் சில மணி நேரத்தில் முடிக்கும் கருவிகள் இருக்கின்றன. அறுபது ஆண்டுகளுக்கு முன் அவ்வளவு சிரமப்பட்டு அறிந்ததை இன்று எளிதாக அறிய முடிந்தும், நம் அன்றாடச் செய்தியில் அது இடம்பெறவில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

தடுப்பூசி வரப்போகிறது என்ற நிலையில் இது இன்னும் அவசரமாகிறது. பிலிப்பைன்ஸில் 2016 முதல் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளுக்கு டெங்வாக்சியா தடுப்பூசி போடப்பட்டது. முன்பு டெங்கு வராத பிள்ளைகளுக்கு அந்த ஊசிக்குப் பிறகு தொற்று வந்தால் நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம் என்று 2017 நவம்பரில் அதைத் தயாரித்த நிறுவனமே அறிவித்தது. முதல் தொற்றின் இடத்தை ஊசியே பிடித்துக்கொண்டது போலாயிற்று. அந்த அச்சத்தில் பெற்றோர்கள் அம்மை ஊசியைக்கூடப் போட மறுத்தார்கள். நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் பனேசியா பயோடெக் நிறுவனமும் 2024 ஆகஸ்ட்டில் நான்கு வகைகளுக்கும் எதிரான ஒரே ஊசியின் மூன்றாம் கட்டச் சோதனையைப் பத்தாயிரம் பேருக்கு மேல் தொடங்கின. அது வெற்றிபெற வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஒரு ஊசி நான்கு வகைகளிடமிருந்தும் ஒரே அளவில் காக்கிறதா என்பதை, ஊரில் எந்த வகை உலவுகிறது என்ற பதிவு இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது.

சுகாதாரத் துறையிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் வகை பார்க்க வேண்டியதில்லை. மாவட்டத்துக்கு வாரம் சில மாதிரிகளை, காய்ச்சலின் முதல் ஐந்து நாட்களுக்குள் எடுத்து, குளிர்பெட்டியில் ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும். கொரோனாவின்போது இதைவிடப் பல மடங்கு மாதிரிகளை அனுப்பிய அதே ஊழியர்கள்தான் இன்றும் இருக்கிறார்கள். அந்த முடிவுகளை மாதம் ஒருமுறை மாவட்டவாரியாக வெளியிட வேண்டும். கடுமையான நோயும் இறப்பும் நேரும் இடங்களில் வைரஸின் மரபணுக் கிளையையும் பார்க்க வேண்டும்; இலங்கையில் 1989இல் மாறியது வகை இல்லை, கிளைதான் என்பதை மறக்கக் கூடாது. இத்தகைய தகவல் மக்களிடையே பீதியைக் கிளப்பும் என்று அதிகாரிகள் சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாசற்படிகளில் நின்று பேசிய அனுபவத்தில் சொல்கிறேன்: மக்கள் பீதியடைவது அரைகுறையாகத் தெரியும்போதுதான். பிளேட்லெட் எண்ணிக்கை ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு பப்பாளி இலைச் சாற்றுக்கு அலைகிறவர்களிடம், இது இரண்டாம் முறையா என்று கேட்டு, காய்ச்சல் விட்ட பிறகு வயிற்றுவலியும் வாந்தியும் கைகால் குளிர்ச்சியும் வந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்க வேண்டாம் என்று சொன்னால், அவர்கள் அமைதியாகக் கேட்டுக்கொள்கிறார்கள்.

மருத்துவர்களிடம் கேட்பது ஒரே கேள்வி. காய்ச்சலோடு வருகிறவரிடம், இதற்கு முன் டெங்கு வந்ததுண்டா, எந்த ஆண்டில் என்று கேட்டுப் புறநோயாளிச் சீட்டின் மேலேயே எழுதிவிடுங்கள். பெற்றோர்களும் பழைய பரிசோதனைத் தாளைத் தூக்கிப் போடாமல் பிள்ளையின் தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வைத்திருக்க வேண்டும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. இந்த மழைக்காலத்தில் சுகாதாரத் துறையினர் செய்தியாளர்களைச் சந்திக்கும்போது, எத்தனை பேருக்கு என்ற கேள்வியோடு எந்த வகை, போன ஆண்டு எந்த வகை என்ற கேள்விகளையும் தங்கள் செய்தியாளர் கேட்க வேண்டும். பதில் கிடைத்தால் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள். பதில் இல்லையென்றால் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டு அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர் ஒருவர்,
வேலூர் மாவட்டம்.